ஜம்போ ஜெட் நிக்காம எவ்ளோ தூரம் போகும்? கால்குலேட்டர் வச்சு நீங்களே கண்டுபிடிக்க ஒரு முழு வழிகாட்டி

விமானம் பத்தி பேச்சு வந்தாலே யாராவது ஒருத்தர் இந்த கேள்விய கேட்டுடுவாங்க. போயிங் 747 அவ்ளோ பெருசு, ரெண்டு லட்சம் லிட்டருக்கு மேல ஃப்யூல் பிடிக்கும், நாலு இன்ஜின் வேற, அப்புறம் ஏன் சிட்னிலருந்து லண்டனுக்கு ஒரே மூச்சுல போகாம பாங்காக்லயோ சிங்கப்பூர்லயோ ஹாங்காங்லயோ இறங்கி இறங்கி போச்சு? பெருசுன்னா தூரம் போகணும்ல?

போகாது. பெருசா இருக்கறதும் தூரம் போறதும் வேற வேற சமாச்சாரம், சொல்லப்போனா ஒரு அளவுக்கு மேல ரெண்டும் ஒன்னுக்கொன்னு எதிரி. இத வெறும் வாயால சொன்னா நம்ப மாட்டீங்க, அதனால கணக்கு போட்டே பாத்துடலாம். நான் பைலட் இல்ல, வருஷக்கணக்கா இத நோண்டிட்டு இருக்கற ஆளு, அவ்ளோதான். இங்க போடற கணக்கு ஏர்லைன் டிஸ்பாட்சர் (ஒவ்வொரு ஃப்ளைட்டுக்கும் பிளான் போட்டு குடுக்கறவர்) போடற கணக்கு மாதிரி துல்லியமா இருக்காது, ஆனா ஒரு ரூட்டு முடியுமா முடியாதாங்கறத சொல்ற அளவுக்கு சரியா வரும். உதாரணத்துக்கு 747-400ஐ எடுத்துக்கறேன், ஏன்னா எல்லாரும் பாத்த, நெறைய பேரு ஏறின ஜம்போ அது தான்.

படி 1: தூரத்த சரியா அளக்கணும்

சுவத்துல மாட்டியிருக்கற மேப்ப வச்சு அளக்காதீங்க, அது ஏமாத்தும். உலக உருண்டை ஒன்னு எடுத்து ரெண்டு ஊருக்கும் நடுவுல நூல இழுத்து பிடிங்க, அது தான் குறுக்கு வழி. டெல்லிலருந்து சான் பிரான்சிஸ்கோவுக்கு நூல் பிடிச்சா வட துருவத்துக்கு பக்கத்துல போகும், பாக்கறப்ப சிரிப்பா இருக்கும் ஆனா அது தான் நிஜம். பூமியோட சுத்தளவு 40,000 கிமீ, அப்போ எந்த ரெண்டு ஊருக்கும் நடுவுல அதிகபட்சம் 20,000 கிமீ தான் இருக்க முடியும். சிட்னி-லண்டன் சுமார் 17,000. உலகத்துலயே கஷ்டமான, ஆனா நெறைய பேரு போக ஆசப்படற ரூட்டு அது, அதனால நம்ம பரிட்சை பேப்பரும் அதே தான்.

படி 2: எடை கணக்கு நோட்டு போடுங்க

மொத்த விஷயமும் இங்க தான் இருக்கு, கொஞ்சம் பொறுமையா படிங்க.

747-400க்கு நாலு நம்பர் போதும். காலி எடை (சீட்டு, சிப்பந்திகள், சாப்பாட்டு வண்டி எல்லாம் சேத்து) சுமார் 180 டன். டேங்க் கொள்ளளவு 216,840 லிட்டர், லிட்டருக்கு 0.8 கிலோன்னு வச்சா சுமார் 173 டன். பயணிகள், பெட்டி, சரக்கு எல்லாம் சேந்தது தான் பேலோட், அது அதிகபட்சம் ஒரு 65 டன். கடைசியா டேக் ஆஃப் எடை, 396.9 டனுக்கு மேல ஒரு கிலோ கூட ஆகாது.

இப்போ கூட்டுங்க. 180 கூட்டல் 65 கூட்டல் 173, மொத்தம் 418. ஆனா அனுமதி 397 தான். அதாவது டேங்கையும் முழுசா ரொப்பி வயித்தையும் முழுசா ரொப்பி இந்த விமானம் கிளம்பவே முடியாது. நெறைய பேருக்கு இது தெரியாது. ஃபுல் டேங்க் போட்டுட்டு ஃபுல் லோடும் ஏத்திக்கறது காருக்கு சரி, விமானத்துக்கு ஒன்னு வேணும்னா இன்னொன்ன விடணும்.

படி 3: எவ்ளோ எரியும்? (சுமைகூலி கணக்கு)

மணிக்கு 10 டன், 11 டன்னு சொல்லுவாங்க, சராசரியா அது சரி தான், ஆனா அத வச்சு கணக்கு போட்டா தப்பாயிடும். ஏன்னா கிளம்பறப்ப விமானம் கனமா இருக்கும், நெறைய குடிக்கும், இறங்கற நேரத்துல இளைச்சு போயிருக்கும், கம்மியா குடிக்கும். அதனால சதவீதமா பாக்கறது தான் புத்திசாலித்தனம். பிரெகே சமன்பாடுன்னு ஒன்னு இருக்கு, லூயி பிரெகேங்கற பிரெஞ்சுக்காரர் பேர்ல, அத நம்ம ஊரு பாஷைல சொன்னா இவ்ளோதான்: ஒவ்வொரு 1,000 கிமீக்கும் விமானம் அந்த நேரத்துல இருக்கற எடைல ஏறக்குறைய இத்தன சதவீதத்த எரிச்சு தீக்கும். 747-400க்கு அது சுமார் 4 சதவீதம்னு நான் வச்சுக்கறேன்.

கணக்க பின்னாடிலருந்து போடணும், அது தான் சூட்சுமம். இறங்கறப்ப என்ன எடை இருக்கும்னு மொதல்ல எழுதிக்கோங்க, அப்புறம் ஒவ்வொரு 1,000 கிமீக்கும் ஒரு தடவ 1.04ஆல பெருக்கிட்டே வாங்க, டேக் ஆஃப் எடை வந்துடும். போன கிடையா திருப்புனா கால்குலேட்டர்ல அடுக்கு போடற பட்டன் வரும், இல்லன்னா சும்மா பெருக்கிட்டே இருங்க, கூட்டு வட்டி மாதிரி தான். சரியா வருதான்னு மொதல்ல போயிங் சொல்ற நம்பர வச்சு சோதிச்சு பாப்போம்: 400 சொச்சம் பயணிகளோட 13,450 கிமீ போகும்னு சொல்றாங்க. ஆளுக்கு பெட்டியோட சேத்து 100 கிலோன்னா 40 டன். காலி எடை 180, பயணிகள் 40, கையிருப்பு ஃப்யூல் 12 (ஏன் 12ன்னு படி 8ல சொல்றேன்), மொத்தம் 232 டன்னோட இறங்குது. 1.04ஐ 13.45 அடுக்கு போட்டா 1.695. பெருக்கினா 393 டன். அனுமதி 397! ஃப்யூல் எவ்ளோன்னா 393ல காலி எடையும் பயணிகளும் சேந்த 220 போக 173 டன், டேங்க்கும் அதே 173. எனக்கே மொத தடவ போட்டப்ப கொஞ்சம் பெருமையா இருந்துச்சு.

இப்போ சிட்னி-லண்டன். ஒரு பயணி கூட வேணாம், காலியாவே அனுப்புவோம். காத்தே இல்லன்னு வச்சுக்கோங்க, 17,000 கிமீ. இறங்கற எடை 180 கூட்டல் 12, மொத்தம் 192. 1.04ஐ 17 அடுக்கு போட்டா 1.948, அப்போ டேக் ஆஃப் எடை 374 டன். எடை அனுமதிக்குள்ள இருக்கு, ஆனா ஃப்யூல் மட்டும் 194 டன் வேணும். டேங்க்ல பிடிக்கறது 173. 21 டன் துண்டு விழுது! காலி விமானத்துக்கே இந்த கதி, இதுல 400 பேர எங்க ஏத்த.

அந்த 1.948ங்கற நம்பர கொஞ்சம் உத்து பாருங்க. லண்டன்ல ஒரு டன் கொண்டு போய் இறக்கணும்னா சிட்னில கிட்டத்தட்ட ரெண்டு டன்னா கிளம்பணும்னு அர்த்தம், கூட வர்ற அந்த ஒரு டன் வழியிலயே எரிஞ்சு போற ஃப்யூல், அதுலயும் ஒரு பங்கு ஃப்யூல தூக்கிட்டு போறதுக்குன்னே எரியற ஃப்யூல். சுண்டைக்காய் கால் பணம் சுமைகூலி முக்கால் பணம்னு சொல்லுவாங்கல்ல, அந்த கதை தான் இது.

படி 4: மூனு மூலைய குறிச்சுக்கோங்க

ஒரு விமானத்துக்கு "ரேஞ்ச்" ஒரே ஒரு நம்பர்னு நெனைக்கறது தான் பெரிய தப்பு. மேல இருக்கற கணக்கையே மூனு தடவ போட்டு பாருங்க. 65 டன் பேலோட் ஏத்திட்டா ஃப்யூலுக்கு மிச்சம் 152 டன் தான், தூரம் சுமார் 11,000 கிமீ. சரக்க எல்லாம் இறக்கிட்டு பயணிகள் மட்டும்னா 40 டன், தூரம் 13,400. எல்லாரையும் இறக்கி விட்டுட்டு காலியா பறந்தா? 15,500 பக்கம் வருது, அதுக்கு மேல இல்ல. இந்த மூனு தான் நான் சொன்ன மூலை.

கவனிச்சீங்களா, மொதல்ல 25 டன்ன இறக்குனதுக்கு 2,400 கிமீ கெடச்சுது. அப்புறம் 40 டன்ன, அதாவது காசு குடுக்கற அத்தன பேரையும் இறக்குனதுக்கு வெறும் 2,100 கிமீ. ஏன்னா மொத தடவ இறக்குன இடத்துல ஃப்யூல் போட்டுக்கிட்டோம், ரெண்டாவது தடவ போட டேங்க்ல எடம் இல்ல. இந்த ரெண்டாவது மூலைய தாண்டிட்டா அந்த ரூட்டு வியாபாரம் இல்ல, சாகசம்.

சாகசம்னா நெஜமாவே செஞ்சாங்க. 1989 ஆகஸ்ட்ல ஆஸ்திரேலியாவோட குவாண்டாஸ் ஏர்லைன் தன்னோட மொத 747-400அ லண்டன்லருந்து சிட்னிக்கு நேரா ஓட்டிட்டு வந்தாங்க, 20 மணி 9 நிமிஷம், பறந்த தூரம் சுமார் 18,000 கிமீ. எப்படி? உள்ள விரல் விட்டு எண்ணற அளவு ஆளுங்க. ஃப்யூல்ல தான் தந்திரம்: டேங்க்க பெருசாக்க முடியாது, அதனால அடர்த்தி ஜாஸ்தியான ஃப்யூல ஸ்பெஷலா தயாரிச்சு ஊத்துனாங்க, அதே டேங்க்ல 183.5 டன் பிடிச்சுது, பத்து டன் ஜாஸ்தி. இன்ஜின ஸ்டார்ட் பண்ணி ரன்வே வரைக்கும் உருட்டுனா அதுக்கு ஃப்யூல் செலவாகும்னு டிராக்டர் வச்சு இழுத்துட்டு போய் ரன்வே முனைல விட்டாங்க. கிழக்கு பக்கம் வர்றதால பின்காத்து வேற. நம்ம 4 சதவீத கணக்குல போட்டு பாத்தேன், காத்து 1,000 கிமீய மிச்சம் பிடிச்சு குடுத்துச்சுன்னு வச்சா கடைசில 6 டன் பக்கம் ஃப்யூல் மிஞ்சுது. 6 டன்னா 747க்கு அர மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல, அவ்ளோதான். அந்த விமானம் இப்போ சிட்னிக்கு தெக்க இல்லவாராங்கற இடத்துல மியூசியத்துல நிக்குது.

இதே மாதிரி 2005ல போயிங் 777-200எல்ஆர் ஹாங்காங்லருந்து கிழக்கால சுத்தி லண்டனுக்கு 21,602 கிமீ போச்சு, 22 மணி 42 நிமிஷம், உள்ள 35 பேரு. யாராவது "அந்த விமானம் 21,000 கிமீ போயிருக்கு தெரியுமா"ன்னு சண்டைக்கு வந்தா, உள்ள எத்தன பேரு இருந்தாங்கன்னு மட்டும் கேளுங்க.

கொஞ்சம் பின்னாடி போவோம்: குள்ள ஜம்போ

இது படி இல்ல, ஆனா இத சொல்லாம விட மனசு வரல. 70கள்ல போயிங் இந்த கணக்க வேற மாதிரி உடைச்சாங்க. இன்னும் பெருசா கட்டறதுக்கு பதிலா 747ஓட உடம்புல 14 மீட்டருக்கு மேல வெட்டி எடுத்துட்டாங்க, இறக்கை அப்படியே கிட்டத்தட்ட அதே அளவு. அது தான் 747எஸ்பி. பாக்க குண்டு குருவி மாதிரி இருக்கும். காலி எடை கொறஞ்சுது, ஃப்யூல் தாராளமா இருந்துச்சு, 1976ல பான் ஆம்ங்கற அமெரிக்க ஏர்லைன் அத வச்சு நியூயார்க்-டோக்கியோ நேரா பறக்க ஆரம்பிச்சாங்க.

தென்னாப்பிரிக்காவோட ஏர்லைன் அத வாங்குன காரணம் வேற. நிறவெறி ஆட்சிய எதிர்த்து ஆப்பிரிக்க நாடுங்க பலதும் தங்களோட வான்வெளிய அவங்களுக்கு மூடிட்டாங்க, அதனால ஐரோப்பாவுக்கு போகணும்னா மேற்கு ஆப்பிரிக்காவோட புடைப்ப கடல் வழியா சுத்தி போகணும், வழில கேப் வெர்டேவோட சால் தீவு மாதிரி எடத்துல இறங்கி ஃப்யூல் போடணும். அந்த சுத்து வழிய நிக்காம தாண்ட தான் குள்ள ஜம்போ. 1976 மார்ச்ல டெலிவரி எடுக்கறப்ப அமெரிக்காவோட எவரெட்லருந்து கேப் டவுனுக்கு நேரா 16,560 கிமீ ஓட்டிட்டு வந்தாங்க, 17 மணி 22 நிமிஷம். 89 வரைக்கும் அது தான் ரெக்கார்டு. ஆனா மொத்தம் 45 எஸ்பி தான் வித்துச்சு. சீட்டு கொறஞ்சு போச்சு, நாலு இன்ஜின் தீனி கொறயல, யானைய கட்டி தீனி போடற கதை.

படி 5: டேக் ஆஃப் எடத்த பாருங்க

397 டன்ங்கறது கடல் மட்டத்துல, நல்ல ரன்வேல, சுமாரான வெயில்ல. காத்து லேசாக லேசாக இறக்கைக்கும் பிடிமானம் கொறையும், இன்ஜினுக்கும் மூச்சு வாங்கும். ஜோகன்னஸ்பர்க் ஏர்போர்ட் கடல் மட்டத்துலருந்து 1,694 மீட்டர் மேல இருக்கு, அதனால தான் அங்க ரன்வே 4.4 கிமீ நீளம். அப்படி இருந்தும் வெயில் நேரத்துல லாங் ஃப்ளைட்டுக்கு எடைய கொறச்சு தான் ஆகணும். மெக்சிகோ சிட்டி இன்னும் மோசம், 2,230 மீட்டர். டர்கிஷ் ஏர்லைன்ஸ் 2019ல இஸ்தான்புல்லருந்து மெக்சிகோ சிட்டிக்கு நேரா வர ஆரம்பிச்சாங்க, ஆனா திரும்பி போறப்ப கான்கூன்ல இறங்கி தான் போனாங்க, ஏன்னா அவ்ளோ உயரத்துலருந்து முழு ஃப்யூலோட எழும்ப முடியாது, கடலோரத்துக்கு வந்து ரொப்பிக்கிட்டு கிளம்பறது தான் லாபம்.

எனக்கும் ஒரு தடவ கோடைல கிளம்பி போய் இறங்குனா பெட்டி வரல. கவுண்டர்ல கேட்டா "வெயிட் பிரச்சன சார், நாளைக்கு வரும்"னாங்க. அப்போ கோவமா இருந்துச்சு, இப்போ அது எந்த படில மாட்டுச்சுன்னு தெரியும்.

படி 6: காத்து

மேல போட்ட கணக்கெல்லாம் காத்து இல்லாத உலகத்துல. நெஜத்துல 10, 11 கிமீ உயரத்துல மேற்குலருந்து கிழக்க பாத்து ஜெட் ஸ்ட்ரீம்ங்கற வேகமான காத்து ஆறு மாதிரி ஓடிட்டு இருக்கும், குளிர் காலத்துல இன்னும் வெறியா. அதனால நீங்க பாக்க வேண்டியது தரைல எவ்ளோ தூரம்னு இல்ல, காத்துக்குள்ள எவ்ளோ தூரம்னு. கணக்கு சுலபம்: தரை தூரத்த விமானத்தோட வேகத்தால பெருக்கி, காத்த கழிச்ச (இல்ல கூட்டுன) வேகத்தால வகுங்க. 747 வேகம் 905 கிமீன்னு வச்சுக்கோங்க.

சிட்னி-டல்லஸ், 13,800 கிமீ. சராசரி 60 கிமீ பின்காத்துன்னா 13,800 பெருக்கல் 905 வகுத்தல் 965, 12,940 வருது. திரும்பி வர்றப்ப அதே 60 எதிர்க்காத்து, 845ஆல வகுத்தா 14,780. ஒரே ரூட்டு, ஒரே விமானம், ஆனா போறதுக்கும் வர்றதுக்கும் 1,800 கிமீ வித்தியாசம்! இது நான் சும்மா எடுத்துக்கிட்ட உதாரணம் இல்ல. 2011 மே மாசம் குவாண்டாஸ் இந்த ரூட்ட 747-400இஆர் வச்சு ஆரம்பிச்சப்ப போறது நேரா போச்சு, வர்றது பிரிஸ்பேன்ல இறங்கி அப்புறம் தான் சிட்னி. இத்தனைக்கும் அந்த இஆர் ரகம் ஸ்பெஷலா லாங் ரேஞ்சுக்குன்னே பண்ணது, முன்பக்க கார்கோ அறைல கூடுதல் டேங்க் வைக்கலாம், டேக் ஆஃப் எடை 412.8 டன், போயிங் சொன்ன ரேஞ்ச் 14,205 கிமீ. பயணிகள் விமானமா அத வாங்குனது உலகத்துலயே குவாண்டாஸ் மட்டும் தான், ஆறே ஆறு. அதுலயும் சில நாள் காத்து ரொம்ப படுத்தி பிரிஸ்பேன் கூட எட்டாம பசிபிக் தீவான நியூ கலிடோனியாவோட நூமியாவுல இறங்கி ஃப்யூல் போட வேண்டியிருந்துச்சு. 2014 செப்டம்பர்ல ஏர்பஸ்ஸோட ரெட்டை மாடி ஏ380 வந்தப்புறம் தான் ரெண்டு பக்கமும் நேரா பறந்தாங்க.

காத்து கெடுக்க மட்டும் செய்யாது. 2016 அக்டோபர்ல ஏர் இந்தியா டெல்லி-சான் பிரான்சிஸ்கோ ஃப்ளைட்ட அட்லாண்டிக் பக்கம் விடாம பசிபிக் பக்கமா கிழக்க பாத்து விட்டாங்க. தூரம் 15,300 கிமீ, பழைய வழிய விட 1,400 ஜாஸ்தி. ஆனா முதுகுல காத்து, பதினாலரை மணி நேரத்துல போய் சேந்துடுச்சு, வழக்கத்த விட சீக்கிரம். படி 1ல நூல் பிடிச்சு அளந்தீங்கல்ல, அந்த நூல் மேலயே தான் பறக்கணும்னு ஒரு சட்டமும் இல்ல.

இப்போ நம்ம சிட்னி-லண்டன் பேப்பருக்கு காத்த சேருங்க. மேற்க பாத்து போறோம், சராசரி 50 கிமீ எதிர்க்காத்துன்னா 17,000 போய் 18,000 ஆயிடும். 192 டன்ன 1.04ஓட 18 அடுக்கால பெருக்குங்க, 389 டன். ஃப்யூல் 209 டன் வேணும். துண்டு 21லருந்து 36 ஆச்சு.

படி 7: வானத்துல கேட்டு போட்டிருக்கா?

இது சின்ன படி தான், ஆனா திடீர்னு காலை வாரும். பெர்த்-லண்டன் 14,498 கிமீ, 2018 மார்ச்லருந்து குவாண்டாஸ் போயிங் 787-9ல நேரா பறக்கறாங்க. 2024 ஏப்ரல்ல ஈரான் பக்கம் பதட்டம்னு வழிய மாத்த வேண்டி வந்துச்சு, உடனே பெர்த்லருந்து லண்டன் போற ஃப்ளைட் சிங்கப்பூர்ல இறங்கி ஃப்யூல் போட ஆரம்பிச்சுடுச்சு. லண்டன்லருந்து வர்றது மட்டும் பின்காத்து புண்ணியத்துல நேராவே வந்துச்சு. எல்லைல ஓட்ற ரூட்டுக்கு மிச்சம் மீதின்னு எதுவும் இருக்காது, ஒரு சின்ன சுத்து வழி போதும்.

படி 8: கையிருப்பு

நான் மேல 12 டன்னு ஒரு நம்பர அள்ளி விட்டேன்ல, அது எங்கருந்து வந்துச்சுன்னா: பொதுவான விதி, வழிச்செலவுல 5 சதவீதம் தனியா வைக்கணும், போற ஊர்ல இறங்க முடியலன்னா பக்கத்து ஏர்போர்ட் போக ஃப்யூல் வேணும், அதுக்கும் மேல அர மணி நேரம் வட்டமடிக்க வேணும். 747 ஒரு லாங் ஃப்ளைட்ல 160 டன் எரிக்கும்னா 5 சதவீதமே 8 டன், அதாவது 80 பேரோட எடை, பெரும்பாலும் தொடாமலே திரும்பி வர்ற ஃப்யூல். இத சமாளிக்க டிஸ்பாட்சர்ங்ககிட்ட ஒரு அழகான வித்தை இருக்கு. பேப்பர்ல மொதல்ல கிட்டக்க இருக்கற வேற ஒரு ஏர்போர்ட்டுக்கு போற மாதிரி பிளான் போடுவாங்க. வழில ஒரு குறிப்பிட்ட புள்ளிக்கு வந்தப்புறம் மிச்சம் இருக்கறத எண்ணி பாத்து, போதும்னா அங்கருந்து நெஜமான ஊருக்கு புதுசா பிளான் போடுவாங்க. இப்போ அந்த 5 சதவீதம் மிச்ச தூரத்துக்கு மட்டும் தான். ஏமாத்து வேலை இல்ல, விதிக்குள்ள தான் இருக்கு, போதலன்னா அந்த கிட்டத்து ஊர்லயே இறங்கிடுவாங்க.

பைலட் விஷயத்த ரெண்டு வரில முடிச்சுடறேன்: இவ்ளோ நீள ஃப்ளைட்டுக்கு நாலு பைலட் மாத்தி மாத்தி ஓட்டுவாங்க, தூங்க தனி அறை உண்டு. வேலை நேர விதி தான் சில சமயம் ஃப்யூலுக்கு முன்னாடி முட்டும்.

படி 9: அப்போ எது தான் போகும்?

இன்னும் பெரிய ஜம்போ போகுமான்னு கேட்டா, ஏ380 டேக் ஆஃப் எடை 575 டன், ஃப்யூல் மட்டும் 250 டனுக்கு மேல. புது இன்ஜின், 1,000 கிமீக்கு 3.5 சதவீதம் எரிக்கும்னு என் கணக்கு. ஆனா காலி எடையே 277 டன் பக்கம். எமிரேட்ஸ் துபாய்-ஆக்லாந்து 14,200 கிமீ பறக்கறாங்க, 15,000 தாண்டுனா மூச்சு முட்டும், ஆளுங்கள ரொப்பிக்கிட்டு சிட்னி-லண்டனுக்கு இதுவும் எட்டாது.

பதில் எதிர் பக்கத்துல இருக்கு. சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2018 அக்டோபர்ல நியூயார்க் பக்கத்துல இருக்கற நியூவார்க்குக்கு நேரா விட்ட ஏ350-900யுஎல்ஆர் டேக் ஆஃப் எடை வெறும் 280 டன், ரெண்டே இன்ஜின். ஃப்யூல் 165,000 லிட்டர், டன்ல 132, அதாவது 747 டேங்க்க விட 40 டன் கம்மி. ஆனா ஏர்பஸ் சொல்ற ரேஞ்ச் 18,000 கிமீ! கார்பன் ஃபைபர் உடம்பு, மெலிஞ்ச நீள இறக்கை, நல்ல இன்ஜின் எல்லாம் சேந்து நம்ம 4 சதவீதம் 3.2 பக்கம் வந்துடுது. கேக்க 0.8 தானேன்னு தோணும். 17 அடுக்கு போட்டு பாருங்க, 1.948 எங்க, 1.708 எங்க. வட்டி விகிதத்த கொஞ்சம் கொறச்சா கடன் எவ்ளோ இளைக்கும்னு வீட்டுக்கடன் வாங்குனவங்களுக்கு சொல்ல வேண்டியதில்ல.

அதுலயும் 161 சீட்டு தான், சாதா எகானமி கிடையவே கிடையாது, முன்பக்க கார்கோ அறையும் மூடி வச்சுட்டாங்க. சிட்னி-லண்டன் நேரா பறக்க குவாண்டாஸ் ஆர்டர் பண்ணியிருக்கற ஏ350-1000லயும் அதே கதை தான்: பின்னாடி கூடுதலா 20,000 லிட்டர் டேங்க், மத்தவங்க 350 பேர உக்கார வைக்கற விமானத்துல 238 சீட்டு. படி 4ல பாத்த மூலைய டெக்னாலஜி தள்ளி வச்சிருக்கு, ஆனா மூலை அப்படியே தான் இருக்கு, கடைசி ரெண்டாயிரம் கிமீக்கு இன்னமும் விலை ஆளுங்கள இறக்கி விட்டு தான் குடுக்கறாங்க. டிக்கெட் வெலை ஏன் அப்படி இருக்குன்னு கேக்காதீங்க.

படி 10: உங்க ரூட்டுக்கு போட்டு பாருங்க

நம்மாளுங்க கேக்கறது எப்பவும் ஒன்னு தான், சென்னை-நியூயார்க் நேரா. ஒரு 747-400அ அதுல விட்டுருந்தா என்ன ஆகியிருக்கும்? நூல் பிடிச்சா சுமார் 13,500 கிமீ. மேற்க பாத்து போறோம், சராசரி 40 கிமீ எதிர்க்காத்துன்னு வச்சா 14,100. 1.04ஐ 14.1 அடுக்கு போட்டா 1.74. டேங்க் ஃபுல், 173 டன். பேலோட் எவ்ளோ ஏத்தலாம்னு மாத்தி மாத்தி போட்டு பாத்தீங்கன்னா சுமார் 25 டன்ல நிக்கும், அதாவது 400 சீட்டுல 250 பேரு, சரக்கு ஒரு கிலோ கூட இல்ல. 150 சீட்டு காலியா அமெரிக்கா போகும். டேக் ஆஃப் எடை 378 டன், அனுமதிக்குள்ள தான் இருக்கு, ஆனா கிளம்பறது மே மாச மத்தியானம்னா படி 5க்கு திரும்பி போயிட்டு வாங்க.